குளிர் மலையில் ஒரு வீட்டுச் சமையல்

2014ஆம் ஆண்டு நாங்கள் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உள்ள என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா, வீட்டுக்குக் குடிவந்தோம். என் மனைவி செவிலியர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவருக்கு இரவுப் பணி இருக்கும். நான் சில கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவன் என்பதால், சமையலறை இயல்பாகவே என்னிடமும் அத்தையிடமும் வந்து சேர்ந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அடுப்போடும் மாப்பிள்ளை என்று சேர்த்துச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூத்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பிள்ளைகளுக்குத் தீட்டாத தானியம், வீட்டில் அரைத்த மாவு, வீட்டில் உறைந்த தயிர், பருவத்தில் கிடைக்கும் காய் ஆகியவற்றையே பெரும்பாலும் கொடுப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அந்த முடிவோடு சேர்த்து என் அம்மாவின் சமையல் முறைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினேன். அவற்றில் பாதி, சமவெளியின் வெயிலை நம்பி உண்டான முறைகள் என்பது இங்கு வந்து முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலில் தோற்றது இட்லி. நாலுக்கு ஒன்று என்ற அளவில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து, மாலையில் அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும் மாவைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இங்கே காலையில் திறந்தால், இரவு எந்த மட்டத்தில் மூடினேனோ அதே மட்டத்தில் மாவு அசையாமல் கிடந்தது. அதை அப்படியே ஊற்றி அவித்த இட்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகள் அதைக் கையில் வைத்து உருட்டி விளையாடினாள். அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மாவுக்கும் குளிரும் மாப்பிள்ளை. அதுக்கும் ஒரு போர்வை கொடுங்க” என்று மட்டும் சொன்னார்.

மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் 25 முதல் 30 டிகிரி வரையான வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன; மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலின் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே போய்விடுகிறது. அத்தையின் பழைய வீட்டில் விறகடுப்பு இருந்தபோது, இரவுச் சமையல் முடிந்த பிறகு அடுப்பு மேடையின் மூலையில் மாவுப் பாத்திரத்தை வைத்துச் சாக்கால் மூடிவிடுவாராம். எங்களிடம் எரிவாயு அடுப்பு. அது அணைத்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். மீன் கடையில் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்த தெர்மாகோல் பெட்டி ஒன்றில் மாவுப் பாத்திரத்தை வைத்து, அதன் இருபுறமும் வெந்நீர் நிரப்பிய இரண்டு எவர்சில்வர் புட்டிகளை வைத்து மூடி, படுக்கப் போகும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றுவது என்ற முறையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பதும், அரைக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றாமல் கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுவதும் அதில் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. அப்படியும் குளிர்காலத்தில் 16 மணி நேரத்துக்குக் குறைந்து மாவு எழுவதில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை இட்லி வேண்டுமென்றால் ஞாயிறு காலை ஊறவைத்து மதியம் அரைத்தாக வேண்டும். இன்று இரவு யோசித்து நாளைக் காலை சாப்பிடும் உணவு அன்று எங்கள் வீட்டில் இட்லியாக இருக்க முடியாது.

இந்த ஒரு கணக்குதான் பிறகு எங்கள் அடுக்களை முழுவதையும் மாற்றியது. எந்தப் பொருளை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்றுதான் நான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் கை வைக்க வேண்டும், அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதே. சமையலறைச் சுவரில் இருக்கும் நாட்காட்டியில் மனைவியின் இரவுப் பணி நாட்களைச் சிவப்பில் குறித்துவிட்டு, அந்த நாட்களுக்கு மறுநாள் காலையில் புளிக்க வேண்டாத உணவாகப் பார்த்து எழுதிவைக்கத் தொடங்கினேன்: சாமைப் பொங்கல், கேழ்வரகுக் களி, முந்தின இரவு ஊறிய பருப்பும் அரிசியும் அரைத்த அடை. களியை நான் ஏழைச் சாப்பாடு என்று எண்ணி வளர்ந்தவன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் பிறந்து வளர்ந்த அத்தைக்கு அது சிறுவயதிலிருந்து அன்றாட உணவு. சுடச்சுடக் களியும் பூண்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போனால் மதியம் வரை பசி தெரியாது என்பார். குளிரில் அது எவ்வளவு சரி என்பதை என் வயிறே பின்பு ஒத்துக்கொண்டது.

அடுத்தது பருப்பு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் பல்லில் தட்டுப்படுவதற்கு, கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் அவரை வீணாகச் சந்தேகித்தேன். குக்கரில் வைத்தாலும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் உள்ளே ஏறும் சூடு சமவெளியில் ஏறுவதைவிடச் சில டிகிரி குறைவுதான். விசிலை எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டு, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகே எங்கள் சாம்பார் சாம்பாராயிற்று. ஊறவைத்த துவரம்பருப்புக்கு 10 நிமிடம், கொண்டைக்கடலைக்கு 25 நிமிடம் என்பது எங்கள் குக்கரின் கணக்கு.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பெரிய தவறைச் சொல்லியாக வேண்டும். எரிவாயுவைச் சேமிக்கலாம் என்று, பேரிக்காய் வந்த ஒரு மரப்பெட்டியில் வைக்கோலைத் திணித்து, நடுவில் பாத்திரம் உட்காரும்படி குழி செய்து ஒரு சூட்டுப் பெட்டி உண்டாக்கியிருந்தேன். சாமைச் சோறும் கஞ்சியும் அதில் அருமையாக வெந்தன. அந்தத் துணிவில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, ஒரு கொதி விட்டு, அப்படியே பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டேன். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தபோது விதைகள் மென்மையாகத்தான் இருந்தன. இரவு சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் நான், அத்தை, மகள் மூவரும் வாந்தி எடுத்தோம். பணி முடிந்து காலையில் வந்த மனைவி, என்ன சமைத்தேன், எப்படிச் சமைத்தேன் என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டுக் காரணத்தைச் சொன்னார். ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்னும் நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும் சூட்டில்தான் அது அழியும். 80 டிகிரி போன்ற அரைகுறைச் சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் பச்சையாக இருப்பதைவிடவும் தீங்கு மிகலாம். என் வைக்கோல் பெட்டி அந்த அரைகுறைச் சூட்டைத்தான் மணிக்கணக்கில் காத்துவைத்திருந்தது. அன்று முதல் ராஜ்மாவை 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் அரை மணி நேரம் வேகவைக்காமல் யாருக்கும் பரிமாறுவதில்லை. கொதிநிலை தாழ்ந்த மலைப்பகுதியில் திறந்த பாத்திரத்தை நம்ப வேண்டாம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். வைக்கோல் பெட்டி இப்போது தயிர் உறையவைப்பதற்கு மட்டுமே.

தயிருக்கு அது மிகப் பொருத்தம். பக்கத்து வீட்டுப் பசுவின் பாலைப் பொங்கக் காய்ச்சி, விரலை வைத்துப் பத்து எண்ணும் வரை பொறுக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவைத்து, சமவெளியில் ஒரு தேக்கரண்டி உறைமோர் ஊற்றும் இடத்தில் இங்கே இரண்டு ஊற்றி, பெட்டிக்குள் வைத்தால் எட்டு மணி நேரத்தில் கத்தியால் வெட்டும்படி உறைந்துவிடும். வெண்ணெய் கடைவதில்தான் மலை எனக்கு ஒரு வேடிக்கை காட்டியது. வத்தலக்குண்டில் அம்மா கடையும்போது வெண்ணெய் உருகாமல் திரள்வதற்காகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவார். அதையே இங்கே செய்துவிட்டு அரை மணி நேரம் கடைந்தேன். வெண்ணெய் மணல்போல் பொடிப்பொடியாக மிதந்ததே தவிர ஒன்று சேரவில்லை. அத்தை ஒரு டம்ளர் வெந்நீரை மெல்ல ஊற்றினார். நாலைந்து இழுப்பில் வெண்ணெய் உருண்டு மத்தோடு ஒட்டிக்கொண்டது. கொழுப்பு மிக இளகினாலும் சேராது, மிக இறுகினாலும் சேராது என்பதால், ஒரே காரியத்துக்கு இரண்டு ஊரிலும் எதிரெதிரான வழி.

குளிர் செய்யும் இன்னொரு குழப்பம் தேனில். அத்தை வழக்கமாகப் பளியர் பழங்குடிக் குடும்பம் ஒன்றிடம் மலைத்தேன் வாங்குவார். மார்கழியில் அது புட்டியின் அடியில் சர்க்கரைபோல் உறைந்துவிடும். ஏமாந்துவிட்டோம், சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறார்கள் என்று முதல் ஆண்டு நான் அத்தையிடம் சொன்னேன். தேனில் உள்ள குளுக்கோஸ் குளிரில் படிகமாவது இயல்பு என்றும், புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும் என்றும், அதை அடுப்பில் காய்ச்சக் கூடாது என்றும் பிறகு அறிந்தபோது, அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் பேசியது என்னை வெகுநாள் உறுத்தியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே ஆண்டின் பெரும்பகுதி அது கட்டியாகவே இருக்கும். உறைவதும் உறையாததும் கலப்படத்துக்குச் சான்று ஆகா.

தேனைப் பற்றி இன்னொன்று. மகன் பிறந்தபோது, சேனை வைக்க வேண்டும், அதாவது நாவில் முதல் இனிப்பைத் தொட்டுவைக்க வேண்டும் என்று அத்தை தேன் புட்டியோடு வந்துவிட்டார். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டார். தாய்க்கும் மகளுக்கும் இடையே அரை நாள் மௌனம் நிலவியது. மாலையில் அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார்: தங்க மோதிரத்தை வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தாய்ப்பாலில் தொட்டு, பேரனின் உதட்டில் வைத்தார். சடங்கும் நடந்தது, மனைவியும் சிரித்தார். தேன் புட்டியை நான்தான் சுக்குக் காப்பியில் கலந்து தீர்த்தேன்.

தேனில் சொன்ன அதே கிருமியின் நஞ்சுதான் பூண்டு விஷயத்திலும் என் ஆர்வத்துக்குத் தடை போட்டது. பூம்பாறை வட்டாரத்தின் மலைப்பூண்டு, புவிசார் குறியீடு பெற்றது. காரமும் மணமும் மிகுந்தது. அத்தையின் தம்பி வீட்டில் அதைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி மேலே தொங்கவிட்டிருப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது. அவர் கொடுத்த இரண்டு கிலோ பூண்டை நான் உட்கார்ந்து உரித்து, நல்லெண்ணெயில் மூழ்கவைத்து, அலமாரியில் அழகாக அடுக்கினேன். மனைவி இரண்டு நாள் கழித்துப் பார்த்து, எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பச்சைப் பூண்டில் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. அந்தக் கிருமி வளர இதைவிட வசதியான இடம் வேண்டாம். கொடைக்கானல் அறையின் குளிர் அதைத் தடுக்கப் போதாது. கெட்டுப்போனதை நாற்றத்தாலோ நிறத்தாலோ கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டு கிலோ பூண்டு குப்பைக்குப் போனதில் எனக்கு உண்டான வருத்தம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இப்போது புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் உப்பும் தாராளமாகச் சேர்த்து, ஈரம் சுண்டும் வரை வதக்கி ஊறுகாயாகவே போடுகிறோம். அதையும் குளிர்பெட்டியில் வைக்கிறோம். உரிக்காத பூண்டு புகையடியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மலைக் காய் என்றாலே இயற்கையானது என்று கீழேயிருந்து வரும் உறவினர்கள் நம்புகிறார்கள். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் இங்கேயும் மருந்து அடிக்கிறார்கள். பனியும் ஈரமும் பூஞ்சையை வளர்ப்பதால் சில பருவத்தில் அடிக்காமல் விவசாயியால் தாக்குப்பிடிக்கவும் முடிவதில்லை. நாங்கள் செய்வது, சந்தையில் இரண்டு மூன்று விவசாயிகளிடம் மட்டுமே தொடர்ந்து வாங்கி, எப்போது மருந்து அடித்தார்கள் என்று கூச்சமில்லாமல் கேட்பது. அவர்களும் மறைக்காமல் சொல்கிறார்கள். மருந்து இல்லாமலே எளிதில் விளைவது சௌசௌ. எங்கள் வேலியிலேயே ஒரு கொடி இருக்கிறது. காய் அலுத்துப்போகும் நாட்களில் அதன் இளங்கொழுந்தைப் பருப்போடு கடைகிறோம். மரத்தக்காளி ஒன்றும் நிற்கிறது. அதன் தோல் கசக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துவிட்டு, வறுத்த மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தால் அடைக்கு அதைவிட நல்ல துவையல் இல்லை. கீரைப்பாத்தி போட்டு இரண்டு முறை காட்டுமாடு மேய்ந்துவிட்டுப் போனது. வீட்டுத் தோட்டத்துக் கீரை முழுக்க இயற்கையானது என்பதை அது ருசித்து உறுதி செய்தது என்று எடுத்துக்கொண்டேன்.

பிளம்ஸ் காலமான மே, ஜூன் மாதங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஜாம் காய்ச்சுகிறோம். வெப்பமானியில் 105 டிகிரி வரும் வரை காய்ச்சு என்று சமவெளிக்காரர்கள் எழுதிவைத்த குறிப்பை இங்கே பின்பற்றினால் ஜாம் மிட்டாயாகிவிடும். கொதிநிலை ஏழு டிகிரி குறைவென்றால் பதமும் ஏழு டிகிரி முன்னதாகவே வரும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளினால் சுருங்கிவர வேண்டும் என்ற பழைய சோதனை எந்த உயரத்திலும் பொய்க்காது.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தை நான் நான்காம் ஆண்டில் கைவிட்டேன். ரொட்டியை வாங்குகிறோம். எண்ணெயை வத்தலக்குண்டுச் செக்கில் ஆட்டி வாங்குகிறோம். கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும் என்பதால் தானியமாகவே வைத்திருந்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறோம். கேழ்வரகு இங்கே முளைவிட மூன்று நாள் ஆகிறது; மழைக்காலத்தில் அதற்குள் பூசணம் பிடித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலையையே தொடுவதில்லை. பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்கும்போது சனிக்கிழமை மாலை ஒருமுறை கிடைக்கும் என்பது வீட்டின் ஒப்பந்தம். முழுவதும் தடுத்த காலத்தில் மகள் தோழியின் டிபன் டப்பாவிலிருந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது.

வடகமும் வற்றலும் மட்டும் இன்றுவரை எங்களுக்குக் கைவரவில்லை. இரண்டு ஆண்டு முயன்றேன். காலையில் வெயில் அடிக்கும். பதினொரு மணிக்கு மேகம் இறங்கி மொட்டை மாடியில் எதிரில் இருப்பவர் தெரியாது. மூன்றாம் நாள் கூழ் வடகத்தில் கறுப்புப் புள்ளி விழும். அம்மாவிடம் சொன்னபோது, “வெயில் இங்கே கொட்டிக் கிடக்கு, நீ ஏன்டா மேகத்தோட மல்லுக்கட்டுற?” என்றார். அதிலிருந்து சித்திரையில் அம்மா வத்தலக்குண்டு மாடியில் வடகம், மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், அரைத்த மல்லி, மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் காயவைத்துப் பெரிய தகர டின்னில் அடைத்து, மலைக்கு வரும் தெரிந்தவர் யாரிடமாவது பேருந்தில் கொடுத்தனுப்புகிறார். அத்தை அந்த டின்னை எந்தக் காரணத்துக்காகவும் காலியாகத் திருப்பி அனுப்ப விடுவதில்லை. ஆவணியில் பேரிக்காய், அதற்கு முன்னால் பிளம்ஸ் ஜாம், கிடைக்கும்போது பட்டர் பீன்ஸும் ஒரு கட்டுப் பூண்டும் அதில் இறங்குகின்றன. போன மாதம் டின் கீழே போய்ச் சேர்ந்த அன்றிரவு அம்மா அழைத்து, பேரிக்காய் எல்லாம் நலுங்காமல் வந்தது, ஆனால் பட்டர் பீன்ஸை மூன்று விசிலிலேயே இறக்கிவிட்டேன், நன்றாகக் குழைந்துவிட்டது, உங்கள் ஊரில் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டார். நான் தண்ணீரின் கொதிநிலையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அம்மா பாதியில் நிறுத்தி, அடுத்த முறை பூண்டை இரண்டு கட்டாக அனுப்பச் சொன்னார்.